பாகுக்குள் ஒரு நூல்

ஜெஃப்ரி இங்கிராம் டெய்லருக்கு அப்போது எண்பது வயது இருக்கும். பாய்மங்களின் இயற்பியலில் அவர் கை வைக்காத இடம் குறைவு. 1960களில் கல்லூரி மாணவர்களுக்காகத் தயாரான ஒரு பாடப்படத்தில் அவரே மேசைக்குப் பின்னால் நின்று சோதனைகளைச் செய்துகாட்டினார். ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு உருளைகள்; நடுவில் பாகு போன்ற கெட்டித் திரவம்; அதில் சாயத்தால் ஒரு பொட்டு. உள் உருளையை அவர் சில சுற்றுகள் சுற்றுகிறார். பொட்டு இழுபட்டு, நீண்டு, கடைசியில் கலங்கிய வளையமாகிவிடுகிறது. பிறகு அதே எண்ணிக்கைச் சுற்றுகளைப் பின்பக்கமாகச் சுற்றுகிறார். வளையம் சுருங்கிச் சுருங்கி, கிளம்பிய இடத்திலேயே பொட்டாக வந்து நிற்கிறது. முதல் தடவை பார்ப்பவர்களுக்குப் படச்சுருளைத் திருப்பி ஓட்டிவிட்டார்களோ என்று சந்தேகம் வரும்.

அதே படத்தில் இதைவிட அடக்கமான ஒரு சோதனையும் உண்டு. சாயத்துக்குப் பதில் ஒரு சிறு விறைப்பான துண்டையும் ஒரு துண்டு நூலையும் திரவத்தில் விடுகிறார். முன்னால் சுற்றிப் பின்னால் சுற்றியதும் விறைப்பான துண்டு பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. நூல் திரும்புவதில்லை. சுருண்டு, வேறு வடிவில் கிடக்கிறது. சாயப் பொட்டு புகழ் பெற்றுவிட்டது. நூலை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை நூலைப் பற்றியது.

முதலில் திரவம் ஏன் திரும்பியது என்று பார்த்துவிடலாம். ஓடும் திரவத்துக்குள் இரண்டு குணங்கள் போட்டி போடுகின்றன. ஒன்று நிலைமம்: தள்ளியதை நிறுத்தினாலும் தொடர்ந்து ஓடும் குணம். மற்றது பாகுநிலை: பக்கத்து அடுக்கைப் பிடித்து இழுத்து வேகத்தை அடக்கும் குணம். இரண்டுக்கும் உள்ள விகிதமே ரெனால்ட்ஸ் எண். பிளஸ் ஒன் செய்முறை வகுப்பில் உயரமான கண்ணாடிச் சாடியில் ஆமணக்கு எண்ணெயை ஊற்றி, சிறு குண்டுகளைப் போட்டு, அவை இறங்கும் நேரத்தை அளந்தவர்கள் இந்த எண் மிகவும் சிறுத்துவிடும் உலகத்தின் வாசலில் நின்றிருக்கிறார்கள். அங்கே பயன்படும் விதியை ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851இல் வெளியிட்டார். நிலைமத்தைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டு, பாகுநிலையை மட்டும் வைத்துக்கொண்டு பெற்ற விதி அது.

அளவு சிறுத்தால் சாதாரணத் தண்ணீரும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலர் எட்வர்ட் பர்செல் 1976இல் ஆற்றிய ஓர் உரையில் இதற்கு மறக்க முடியாத ஒரு கணக்கைச் சொன்னார். நீந்திக்கொண்டிருக்கும் ஒரு பாக்டீரியா சட்டென்று தன் கசையிழையை நிறுத்தினால், வேகத்தின் மிச்சத்தில் எவ்வளவு தூரம் வழுக்கிச் செல்லும்? ஓர் அணுவின் விட்டத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் நின்றுவிடும். அந்த உலகத்தில் கடந்த நொடி என்ன நடந்தது என்பது இந்த நொடிக்குப் பொருட்டே இல்லை. ஸ்டோக்ஸ் சமன்பாட்டைப் பார்த்தாலும் அதுதான் தெரியும்: அதில் காலம் என்ற மாறியே கிடையாது. இந்தக் கணத்து விசைகளைக் கொடுத்தால் இந்தக் கணத்து ஓட்டம் கிடைக்கும். விசையை இரட்டித்தால் வேகம் இரட்டிக்கும். திசையைத் திருப்பினால் ஓட்டமும் திரும்பும். டெய்லரின் சாயம் திரும்பியது இதனால்தான்.

நூலுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: அது தன் இயல்பான வடிவில் இருக்கப் பார்க்கும். வளைத்தால் நிமிர முயலும். ஓட்டத்தை நாம் திருப்பலாம். நூலின் நிமிரும் விசையைத் திருப்ப முடியாது, அது எப்போதும் ஒரே பக்கம்தான் வேலை செய்யும். எனவே போகும் வழியும் வரும் வழியும் வேறுவேறாகிவிடுகின்றன. திரவம் எதையும் நினைவில் வைப்பதில்லை. அதில் கிடக்கும் இழை தன் வளைவில் கொஞ்சம் நினைவை வைத்திருக்கிறது. பர்செல் அதே உரையில் சொன்ன இன்னொன்றும் இதோடு சேர்கிறது. ஒரே கீலில் திறந்து மூடும் சிப்பியைப் பாக்டீரியா அளவுக்குச் சுருக்கினால் அதனால் நீந்த முடியாது: திறக்கும்போது முன்னேறியதை மூடும்போது அப்படியே இழந்துவிடும். அங்கே நீந்துவதற்கு அவர் காட்டிய இரண்டு வழிகளில் ஒன்று திருகாணிபோல் சுழலும் வால். மற்றது வளையும் துடுப்பு.

நம் மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் குறுயிழைகள், விந்தணுவின் வால், செல்லுக்குள் சட்டகமாக நிற்கும் ஆக்டின் இழைகளும் நுண்குழல்களும், காகித ஆலையின் கூழில் மிதக்கும் மரநார், சலவையில் உதிர்ந்து ஆற்றுக்குப் போகும் பாலியெஸ்டர் துணுக்கு எல்லாம் இந்தக் குடும்பம்தான். இவற்றின் போக்கைக் காகிதத்தில் தீர்க்க முடியாது. கணினியில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்படி ஓட்டிப் பார்ப்பதற்கு அரை நூற்றாண்டு ஆனது ஏன் என்பதில் நல்ல அறிவியல் இருக்கிறது.

கணினிக்கு முன்பே கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. அடுக்கடுக்காக வேகம் மாறும் ஓட்டத்தில், அதாவது அடித்தட்டு நிற்க மேல்தட்டு நகரும்போது நடுவில் உண்டாகும் ஓட்டத்தில், ஒரு விறைப்பான நீள்வட்டத் துகள் எப்படிப் புரளும் என்று ஜெஃப்ரி என்ற வேறொருவர் 1922இல் கணக்கிட்டிருந்தார். அது பெரும்பாலான நேரம் ஓட்டத்தோடு படுத்துக் கிடக்கும்; திடீரென்று ஒரு குட்டிக்கரணம் போடும்; மறுபடி படுக்கும். 1959இல் மான்ட்ரியலில் ஃபோர்காச், மேசன் ஆகிய இருவரும் காகித நார் ஆய்வின் பகுதியாக மெல்லிய இழைகளைப் பாகில் விட்டுப் பார்த்தார்கள். விறைப்பான இழை ஜெஃப்ரி சொன்னதுபோல் புரண்டது. சற்று நெகிழ்வானது வில்லாக வளைந்து புரண்டது. இன்னும் நெகிழ்வானது பாம்பைப்போல ஒரு முனை திரும்ப, உடல் முழுவதும் அந்த முனையைப் பின்தொடர்ந்து திரும்பியது. மிகவும் நெகிழ்வானது சுருளாகவே ஆகிவிட்டது.

இதே காட்சியை மூலக்கூறு அளவில் பார்க்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரிஸில் ஒலிவியா து ரூர், ஆன்கே லிண்ட்னர் ஆகியோரின் குழு ஒளிரும் சாயம் ஏற்றிய ஆக்டின் இழைகளை நுண் வாய்க்கால்களில் ஓடவிட்டு, இழை நகர நகர நுண்ணோக்கியின் மேடையையும் கூடவே நகர்த்திப் படம் பிடித்தது. சில நானோமீட்டர் தடிமன். 4 முதல் 40 மைக்ரோமீட்டர் வரை நீளம். குட்டிக்கரணம், வில், பாம்பின் திரும்பல் எல்லாம் வந்தன. அமெரிக்காவிலிருந்து பிராத்தோ சக்ரவர்த்தியும் டேவிட் சாண்டியனும் செய்த சிமுலேஷன் அந்தப் படங்களோடு ஒவ்வொரு வடிவமாகப் பொருந்தியது.

எந்த இழை எந்த வடிவம் எடுக்கும் என்பதை முதன்மையாக ஒற்றை எண் தீர்மானிக்கிறது. திரவம் இழையை வளைக்கும் வலிமையை இழையின் விறைப்பால் வகுத்துக் கிடைக்கும் எண் அது. அதில் இழையின் நீளம் நான்காம் படியில் வருகிறது. ஒரே தடிமன், ஒரே பொருள், ஒரே ஓட்டம். நீளம் மட்டும் இரட்டித்தால் அந்த எண் 16 மடங்காகிறது. 4 மைக்ரோமீட்டர் இழைக்கும் 40 மைக்ரோமீட்டர் இழைக்கும் நடுவில் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். ஒரே ஆக்டின் ஒரு படத்தில் ஊசியாகவும் இன்னொன்றில் பாம்பாகவும் தோன்றுவதன் ரகசியம் நீளத்தில் இருக்கிறது. இந்த நான்காம் படியை வாசகர் கொஞ்சம் மனதில் வைத்திருக்க வேண்டும். கணினிக்குள் அது வேறு வேடத்தில் வந்து தொல்லை கொடுக்கும்.

சரி, இதைக் கணினியில் எப்படி எழுதுவது?

முதலில் தோன்றும் வழி, திரவம் இருக்கும் இடம் முழுவதையும் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் வேகத்தைக் கணக்கிடுவது. வானிலைக் கணிப்பும் விமான வடிவமைப்பும் அப்படித்தான் நடக்கின்றன. இங்கே அது எடுபடாது. 8 நானோமீட்டர் தடிமனுள்ள இழை கட்டத்துக்குள் தெரிய வேண்டுமானால் கட்டம் அந்த அளவுக்காவது சிறிதாக இருக்க வேண்டும். 40 மைக்ரோமீட்டர் பெட்டிக்கு ஒரு பக்கத்தில் 5,000 கட்டங்கள். பெட்டி முழுவதற்கும் 12,500 கோடி. ஒற்றை இழைக்கு, ஒரு கணத்துக்கு.

ஸ்டோக்ஸ் உலகத்தின் எளிமை இங்கே கைகொடுக்கிறது. திரவத்தில் ஒரு புள்ளியில் விசை கொடுத்தால் மற்ற எல்லா இடங்களிலும் என்ன வேகம் உண்டாகும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. விசைகள் பல இருந்தால் விடைகளை வெறுமனே கூட்டிக்கொள்ளலாம். ஆகவே திரவத்தைக் கட்டம் போட வேண்டிய தேவையே இல்லை. இழை திரவத்தை எங்கெங்கே எவ்வளவு தள்ளுகிறது என்று தெரிந்தால் போதும். இழையோ மிக மெல்லியது. அதன் மேற்பரப்பை மறந்துவிட்டு, நடுக்கோட்டின் மீது மட்டும் விசைகளை அடுக்கினால் முப்பரிமாணச் சிக்கல் ஒரு கோட்டின் சிக்கலாகச் சுருங்கிவிடுகிறது. 12,500 கோடிக் கட்டங்கள் இருந்த இடத்தில் நூறு புள்ளிகள்.

இந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் உயிரியல் இருக்கிறது. 1950களில் கேம்பிரிட்ஜ் விலங்கியலர் ஜேம்ஸ் கிரேவும் கணிதவியலர் ஹான்காக்கும் கடல் முள்ளெலியின் விந்தணு எப்படி முன்னேறுகிறது என்று கணக்கிட முயன்றார்கள். மெல்லிய இழை குறுக்குவாட்டில் நகரும்போது திரவம் தரும் எதிர்ப்பு, அதே வேகத்தில் நீளவாட்டில் நகரும்போது தருவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வால் அலைபோல் நெளியும்போது இந்த இரண்டு மடங்கு வித்தியாசம்தான் உந்துதலாக மாறுகிறது. எதிர்ப்பு எல்லாத் திசையிலும் சமமாக இருந்திருந்தால் வால் எவ்வளவு நெளிந்தாலும் விந்தணு நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். இனப்பெருக்கம் இரண்டு என்ற எண்ணை நம்பி நடக்கிறது என்று சொன்னால் மிகைதான், ஆனால் பெரிய மிகை இல்லை. 1970இல் பேச்சலரும் காக்ஸும், 1976இல் கெல்லரும் ரூபினோவும் இந்த மெல்லிழைக் கோட்பாட்டைச் செம்மையாக்கினார்கள். அதில் ஒரு வேடிக்கை: இழையின் தடிமன் மடக்கையாக மட்டுமே வருகிறது. இழையைப் பத்து மடங்கு மெலிதாக்கினாலும் எதிர்ப்பு பத்தில் ஒன்றாகாது, கொஞ்சம்தான் குறையும். நுண்ணுலகில் மெலிந்து தப்பிக்க வழியில்லை.

இவ்வளவு வசதி செய்துகொண்ட பிறகும் கணக்கு ஓடவில்லை. இம்முறை தடை இழையிடமிருந்து வந்தது.

ஓர் இழை நிமிர முயலும் விசை அதன் வடிவத்தின் நான்காம் வகைக்கெழுவைப் பொறுத்தது. இதன் நடைமுறைப் பொருள் இதுதான்: நீண்ட, மென்மையான வளைவு மெதுவாக நிமிரும், சிறு நெளிவு பயங்கர வேகத்தில் நிமிரும். நெளிவின் அளவு பாதியானால் நிமிரும் வேகம் 16 மடங்கு. கணினி காலத்தைச் சிறு படிகளாக வெட்டி முன்னேறுகிறது. இப்போதைய வடிவத்திலிருந்து விசையைக் கண்டு, அந்த விசைப்படி இழையை ஒரு படி நகர்த்துவது எளிய முறை. ஆனால் படி கொஞ்சம் நீண்டுவிட்டால், ஒரு சிறு நெளிவு நிமிர்ந்து நேராகி நிற்காமல் மறுபக்கம் தாண்டி வளையும். அடுத்த படியில் இன்னும் அதிகமாக இந்தப் பக்கம். சில படிகளில் இழை முள்கம்பிபோல் சிலிர்த்து, எண்கள் எல்லையற்றுப் பெருகி, நிரல் நின்றுவிடும். தப்பிக்க வேண்டுமானால் மிகச் சிறிய நெளிவின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குப் படியைக் குறுக்க வேண்டும். இழையில் 50 புள்ளிகள் போதாதென்று 100 வைத்தால் காலப்படி 16இல் ஒன்றாகிவிடும். புள்ளிகளும் இரட்டித்ததால் மொத்த வேலை 32 மடங்கு. நாம் பார்க்க விரும்பும் புரளலுக்குச் சில நொடிகள் ஆகும். கணினியோ கண்ணுக்குத் தெரியாத நெளிவுகளைக் காவல் காத்தே நேரத்தைச் செலவிடும்.

ஸ்வீடனைச் சேர்ந்த அன்னா-காரின் டோர்ன்பெர்க்கும் நியூயார்க்கின் மைக்கேல் ஷெல்லியும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் திருப்புமுனைகளில் ஒன்று. வளைவு விசையை இப்போதைய வடிவத்திலிருந்து கணக்கிடாமல், இன்னும் தெரியாத அடுத்த கணத்து வடிவத்தையே சமன்பாட்டுக்குள் வைத்து, அதைத் தீர்த்து அந்த வடிவத்தைக் கண்டுபிடிப்பது அவர்கள் கையாண்ட உத்தி. ஒவ்வொரு படிக்கும் வேலை கூடும். ஆனால் சிறு நெளிவுகள் தாண்டிக் குதிப்பதில்லை, தாமாக அடங்கிவிடுகின்றன. படியின் நீளத்தை நாம் பார்க்க விரும்பும் இயக்கமே தீர்மானிக்கலாம். உத்தி அவர்கள் கண்டுபிடித்ததல்ல. எண்முறைக் கணிதத்தில் பழையது. பல இழைகள் ஒன்றையொன்று பாதிக்கும் சிக்கலுக்குள் அதை உடையாமல் பொருத்தியதில்தான் சாமர்த்தியம்.

இன்னொரு நுணுக்கம். ஆக்டினோ நுண்குழலோ வளையும், நீளாது. அதன் நீளம் மாறாது என்று கணினிக்கு எப்படிச் சொல்வது? மிகக் கடினமான சுருள்வில்லாகப் பாவித்தால் மறுபடி மிகச் சிறிய காலப்படி தேவைப்படும். அதனால் இழுவிசையை முன்கூட்டிச் சொல்லாமல், ஒவ்வொரு கணத்திலும் நீளம் மாறாதபடி வைத்திருக்க எவ்வளவு இழுவிசை வேண்டுமோ அதையே விடையாகக் கேட்கிறார்கள். சில இடங்களில் அது எதிர்க்குறியில் வரும்: அங்கே இழை அமுக்கப்படுகிறது. அமுக்கம் எல்லை தாண்டினால் இழை பக்கவாட்டில் புடைத்து வளையும். பாரிஸ் படங்களில் தெரிந்த வில் அங்கே பிறக்கிறது. அதிலும் ஒன்று கவனிக்கத் தக்கது: கணினியில் மிகச் சரியாக நேரான ஓர் இழையை வைத்து, திரவ மூலக்கூறுகள் மோதுவதால் வரும் வெப்ப நடுக்கத்தை அணைத்துவிட்டால், அமுக்கம் எல்லை தாண்டினாலும் அது வளையாது. எந்தப் பக்கம் வளைவது என்று முடிவு செய்ய அதற்குக் காரணமே இல்லை. நடுக்கத்தைத் திரும்பப் போட்டால் உடனே வளையும். ஆய்வுக்கூடத்தில் வெப்பத்தை அணைக்க எந்தக் கருவியிலும் பொத்தான் இல்லை.

வேறு வழிகளும் உண்டு. இழையை மணிகள் கோத்த சரமாக வைத்துக் கணக்கிடுவது ஒன்று. 1993இல் யமமோட்டோவும் மாட்சுவோக்காவும் தொடங்கியது, எழுத எளிது. இதய வால்வுகளுக்காக 1970களில் சார்லஸ் பெஸ்கின் உருவாக்கிய முறையில் இழை திரவக் கட்டங்களுக்கு நடுவே மிதக்கும். ரிக்கார்டோ கோர்ட்டெஸ் 2001இல் புள்ளி விசையைச் சற்றே பரப்பி மழுக்கிக் கையாளும் முறையைக் கொடுத்தார். உயிரியல் பக்கத்தில் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எது சிறந்தது என்ற சச்சரவு மாநாடுகளுக்கு உரியது. ஓர் இழை, இரண்டு இழை என்றால் எல்லாமே சுமாராக ஒரே விடையைத் தரும். இழைகள் ஆயிரமாகும்போதுதான் முறைகளுக்கு நடுவே பேதம் தெரியும்.

அங்கே சிக்கல், திரவத்தில் ஒரு விசையின் விளைவு மிக மெதுவாகத் தேய்வது. இரண்டு மடங்கு தூரத்தில் அது பாதியாகும், அவ்வளவுதான். ஆகவே எந்த இழையையும் தொலைவில் இருக்கிறதென்று ஒதுக்க முடியாது. ஆயிரம் இழைகள், இழைக்கு 64 புள்ளிகள் என்றால் 64,000 புள்ளிகள். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றையும் பாதிப்பதால் ஒரு காலப்படிக்கு 400 கோடிக்கு மேற்பட்ட கூட்டல்கள். இழைகள் பத்து மடங்கானால் வேலை நூறு மடங்கு. 1987இல் லெஸ்லி கிரீன்கார்டும் விளாடிமிர் ரோக்லினும் வெளியிட்ட ஒரு வழிமுறை இந்தச் சுவரை உடைத்தது. திருவிழாக் கூட்டத்துக்குள் நிற்பவருக்குப் பக்கத்தில் பேசுபவர்களின் குரல் தனித்தனியாகக் கேட்கும். ஊர் எல்லையில் நிற்பவருக்கு மொத்தக் கூட்டமும் ஒரே இரைச்சல். அதுபோல, அருகிலுள்ள புள்ளிகளைத் தனித்தனியாகவும், தொலைவிலுள்ளவற்றைக் கும்பல் கும்பலாகச் சேர்த்து ஒரு சில எண்களாகவும் கணக்கில் எடுத்தால், பிழை எவ்வளவு என்று முன்கூட்டியே கட்டுப்படுத்தியபடி, வேலையைப் புள்ளிகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் வைத்துக்கொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டின் பத்து முக்கிய வழிமுறைகளின் பட்டியல் ஒன்றில் இதுவும் இடம்பெற்றது. அது முதலில் மின்னூட்டங்களுக்கும் ஈர்ப்புக்கும் எழுதப்பட்டது. பாகுத் திரவத்துக்கும் பொருந்தியது. 2017இல் நசோக்தாஸ்த், ரஹிமியான், சோரின், ஷெல்லி ஆகியோர் இதையும் முன்சொன்ன காலப்படி உத்தியையும் சேர்த்து, ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் நிறைந்த ஒரு செல்லையே கணினிக்குள் கட்டும் கருவியை உருவாக்கினார்கள்.

இதன் பலன் எனக்குத் தெரிந்தவரை மிகத் தெளிவாக வெளிப்பட்ட இடம் பழ ஈயின் முட்டை.

செல்லுக்குள் இருக்கும் திரவம் ஓடும் என்பது புதிய செய்தியல்ல. இத்தாலியரான பொனவென்துரா கோர்த்தி 1774இலேயே நீர்ப்பாசியின் செல்லுக்குள் அதைப் பார்த்து எழுதிவிட்டார். பழ ஈயின் முட்டைச் செல் வளரும்போது பக்கத்திலுள்ள 15 செவிலிச் செல்கள் தங்களிடம் உள்ளதையெல்லாம் அதற்குள் கொட்டுகின்றன. கொட்டியது கலக்க வேண்டும். முட்டையோ சில நூறு மைக்ரோமீட்டர் அகலம். செல்களின் கணக்கில் ராட்சசம். ஒரு மைக்ரோமீட்டர் துகள் தூய தண்ணீரில் தானாக அலைந்து 200 மைக்ரோமீட்டர் தூரம் போவதற்கே பல மணி நேரம் ஆகும். செல்லின் உட்பொருள் தண்ணீரைவிடக் கெட்டியானது. முட்டை இதற்காக ஒரு சுழலை உண்டாக்கிக்கொள்கிறது: முழுச் செல்லும் ஒரே சுழலாகச் சுற்றத் தொடங்குகிறது.

யார் சுற்றுகிறார்கள்? செல்லின் உட்சுவரில் நுண்குழல்கள் ஒரு முனையில் வேரூன்றி, மறு முனை உள்நோக்கி நீட்டியபடி, அடர்ந்து நிற்கின்றன. அவற்றின் மீது கைனசின் என்ற புரத மோட்டார்கள் சரக்கைத் தூக்கிக்கொண்டு வேரிலிருந்து நுனியை நோக்கி, ஓர் அடிக்கு 8 நானோமீட்டர் என்று நடக்கின்றன. நடக்கும் சரக்கு திரவத்தையும் நுனிப்பக்கம் இழுக்கிறது. அதன் எதிர்விசை குழலை வேர்ப்பக்கம் அமுக்குகிறது. அமுக்கம் போதிய அளவு வந்ததும் குழல் வளைகிறது. வளைந்த குழல் இப்போது திரவத்தைச் செங்குத்தாக இழுக்காமல் சாய்வாக, சுவரோரமாக இழுக்கும். அந்த ஓட்டம் பக்கத்துக் குழலையும் அதே பக்கம் சாய்க்கும். அது இன்னும் கொஞ்சம் ஓட்டத்தைச் சேர்க்கும். தனித்து நிற்கும் குழல் ஒன்றாக இருந்தால் அது இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்கும். நெருக்கமாக நிற்பவை ஒன்றையொன்று சாய்த்து, கடைசியில் எல்லாம் ஒரே பக்கம் படிந்துவிடும். யாரும் கட்டளை இடவில்லை. எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்ற வரைபடம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. 2021இல் எளிய வடிவத்தில் கோட்பாடாகவும், 2024இல் ஆயிரக்கணக்கான குழல்கள் கொண்ட முப்பரிமாண சிமுலேஷனாகவும், கூடவே உண்மையான முட்டைகளில் அளந்த ஓட்டங்களோடும் ஷெல்லியின் குழுவினரும் கூட்டாளிகளும் இதை வெளியிட்டார்கள்.

அந்த சிமுலேஷன் படங்கள் அழகானவை. நீல, சிவப்பு நிறங்களில் அறுவடைக்கு முந்தைய வயலைப்போல... ஒப்புமை வேண்டாம், அழகு இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம். கணினி வரைந்த படம் நுண்ணோக்கிப் படத்தைப்போல இருக்கிறது என்பது எதையும் நிரூபிப்பதில்லை. தவறான காரணத்தை வைத்தும் சரியான தோற்றத்தை வரையலாம். இந்த ஆய்வை நான் மதிப்பதற்குக் காரணம் வேறு. மூன்று சேர்மானங்கள் மட்டும்: வளையும் இழை, அதை அமுக்கும் மோட்டார், எல்லோரையும் இணைக்கும் திரவம். இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் சுழல் கிடையாது. திரவ இணைப்பைத் துண்டித்தால் ஒவ்வொரு குழலும் தன்பாட்டுக்கு ஆடும். மோட்டாரைப் பலவீனமாக்கினால் எல்லாம் நேராக நிற்கும். உயிருள்ள முட்டையில் மோட்டாரை முடக்கிப் பார்க்கலாம்; திரவத்தின் வழியே செல்லும் செல்வாக்கை மட்டும் தனியே முடக்க எந்த மருந்தும் இல்லை. கணினியில் அது ஒரு வரி.

செய்பவர்கள் இதற்கு முன்பே வேறு பல சோதனைகளை வைத்துத் தங்கள் நிரலைத் துன்புறுத்தியிருப்பார்கள். விறைப்பை மிக அதிகமாக வைத்தால் ஜெஃப்ரியின் 1922 விடை வருகிறதா? புள்ளிகளை இரட்டித்தால் விடை மாறாமல் நிற்கிறதா? இழையின் நீளம் மெல்ல வழுவுகிறதா? மோட்டார் செலவழித்த ஆற்றல் முழுவதும் வளைவிலும் திரவத்தின் உராய்விலும் கணக்காகிறதா? இவையெல்லாம் கட்டுரைகளின் பின்னிணைப்பில் சிறிய எழுத்தில் இருக்கும். நிறைய உண்மை அங்கேதான் இருக்கிறது. பலவீனங்களும் தெரிந்தவையே: இரண்டு இழைகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கினால் மெல்லிழைக் கோட்பாடு தடுமாறும்; செல்லின் உட்பொருள் எளிய திரவமாக நடந்துகொள்ளாத தருணங்கள் உண்டு.

இந்தக் கருவிகள் இதுவரை தீர்க்காத கேள்வி, தொடக்கத்தில் வந்த வளையும் துடுப்பிடமே இருக்கிறது. குறுயிழையோ விந்தணுவின் வாலோ வெளியிலிருந்து வளைக்கப்படுவதில்லை. அதற்குள் வட்டமாக ஒன்பது இரட்டைக் குழல்களும் நடுவே இரண்டும் இருக்கின்றன. அடுத்தடுத்த இரட்டைகளுக்கு நடுவே டைனின் என்ற மோட்டார்கள் இழுக்கின்றன. எல்லா டைனினும் ஒரே நேரத்தில் இழுத்தால் வால் அசையாது என்பது வழக்கமான கணிப்பு. ஒரு பக்கம் ஓய, மறுபக்கம் இழுக்க வேண்டும், அதுவும் அலையாக. யார் முறை வைக்கிறார்கள்? வளைவின் அளவே மோட்டாரை நிறுத்துகிறது என்பது ஒரு கருதுகோள். குழல்கள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கும் வேகம் நிறுத்துகிறது என்பது இன்னொன்று. குழல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி விரிவதும் சுருங்குவதும்தான் காரணம் என்பது 1990களில் சார்லஸ் லிண்டெமன் முன்வைத்தது. முறை வைப்பவர் யாருமே தேவையில்லை, மோட்டார்கள் ஒரே சீராக இழுத்தாலே வால் காற்றில் கொடிபோல் தானாகப் படபடக்கும் என்று வாதிடுபவர்களும் உண்டு.

நான்கையும் கணினியில் எழுதி ஓட்டியிருக்கிறார்கள். நான்கிலும் வால் அடிக்கிறது. அலை அடியிலிருந்து நுனிக்குப் போகிறது. படத்தைப் பார்த்து எது எது என்று சொல்வது கடினம். ஆகவே இப்போது வடிவத்தைத் தவிர்த்து வேறு எதை அளந்தால் நான்கும் பிரியும் என்று தேடுகிறார்கள்: திரவத்தின் பாகுநிலையைக் கூட்டினால் அடிக்கும் வேகம் எப்படிக் குறைகிறது, ஓர் அடிக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது, வாலை நடுவில் பிடித்து நிறுத்தினால் மிச்சப் பகுதி என்ன செய்கிறது. இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு கருதுகோளும் தரும் எண் வேறு. கணினி அந்த எண்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அளக்க வேண்டியது நுண்ணோக்கிக்காரர்கள்.